வாசல் தெரியணும்

ஜெர்மனியில் இறங்கிய கால் மணி நேரத்துக்குள் என் மூக்கு எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. கையால் தொட்டால் இருந்தது. தொட்டது அதற்குத்தான் தெரியவில்லை. சிவகாசி வெயிலில் நாற்பத்தாறு வருஷம் காய்ந்த உடம்பைக் கொண்டுபோய் ஜனவரியில் அங்கே நிறுத்தினால் வேறென்ன ஆகும்? எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் பைக் சீட்டை நனைத்து வைத்திருக்கும் ஈரம். துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டு ஏறிப் போய்விடுவோம். அங்கே காரையே மண்வெட்டியால் தோண்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை அனுப்பியவர் அச்சக முதலாளி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பழைய நாலு கலர் மிஷின் ஒன்று விற்பனைக்கு இருந்தது. நேரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மிஷின் ஓட்டுகிறவரிடம் பாஸ்போர்ட் இல்லை, என்னிடம் இருந்தது. தகுதி அவ்வளவுதான். "சத்தத்த மட்டும் கேளு. நோக்காடு பிடிச்ச மிசினு சத்தம் ஒனக்குத் தெரியாதா?" என்று அனுப்பிவிட்டார். நான் மிஷின்காரன் இல்லை. அதே அச்சகத்தில் காலண்டருக்குப் படம் எடுப்பவன். எடுக்க முடியாததைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பவன்.

நான் வெளிநாடு போகிறேன் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் நீட்டினார்கள். சென்ட், சாக்லேட், ஒருவர் சவர மிஷின்கூடக் கேட்டார். என் தங்கச்சி பேச்சியம்மா மட்டும் ஒரு போட்டோ கேட்டாள்.

பேச்சி அப்போது ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடந்தாள். எங்கள் வீட்டில் நான் காகிதத்துப் பக்கம் போனேன், அவள் மருந்துப் பக்கம் போனாள். பட்டாசுக்குள் செலுத்தும் வெடிக் கலவைக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினான்கு வருஷமாக மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் ஒருநாள் அவளுடைய அறை வெடித்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வாசலுக்கு வந்தவளைத் தீ வெளியே தூக்கி எறிந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் போய்விட்டார்கள். அந்த வார்டில் நர்ஸ் வந்து, "மருந்து வந்தாச்சும்மா" என்று சொன்னால் பாதிப் பேர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அவள் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் எங்கள் அச்சகத்துக் காலண்டரிலிருந்து டிசம்பர் ஷீட்டைக் கிழித்து யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். பனிக்குள் ஒரு கிராமத்து வேதக்கோயில். எங்கள் பக்கம் சர்ச்சுக்கு அதுதான் பெயர். கூரை நிறையப் பனி, மதில் மேல் பனி, வானத்திலிருந்தும் பொடிப்பொடியாய்ப் பனி. செய்தவன் நான்தான். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் மாதத்துக்கு ஒரு பனிக்கோயில் வேண்டும். அண்ணாச்சி, "டிசம்பருக்குப் பனி போட்டுட்டியா?" என்று கேட்பார். கையில் இருக்கிற ஏதாவது சர்ச் படத்தை எடுத்து, பனைமரத்தையும் அடிபம்பையும் அழித்து, வெள்ளையை அள்ளிப் பூசிக் கொடுப்பேன்.

பேச்சிக்கு இந்தத் தொழில் பேச்சு தெரியும். கையிலும் கழுத்திலும் வெள்ளைக் களிம்பு அப்பியிருந்ததைக் காட்டி, "பாத்தீகளாண்ணே, எம்மேலயும் பனி போட்டுட்டாக" என்றாள். சிரிக்கப் போய் முகத்துத் தோல் இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே இருந்தா எரிச்சல் கொஞ்சம் மட்டுப்படுதுண்ணே. அந்த வேதக்கோயில் எங்கன இருக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் போகப் போகிற ஊர் வாயில் இருந்தது. "ஜெர்மனில இருக்கு தாயி" என்றேன்.

"அங்கதான போறீக? நேர்ல பாத்து ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. வாசல் தெரியணும்."

ஏன் வாசல் என்று நான் கேட்கவில்லை. படம் எடுக்கிறவனுக்கே யோசனை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷின் விற்கிறவர் பெயர் பீட்டர். ஆறரை அடி ஆள். என் கால் ஷூவைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தன்னுடைய பழைய பூட்ஸைக் கொடுத்தார். அது என் காலுக்கு மூன்று விரல் பெரிது. இரண்டு காலுறைக்கு மேல் ஒரு துணியையும் சுற்றித்தான் நடந்தேன். சாப்பாடு உருளைக்கிழங்கு சூப், அதில் துண்டு துண்டாய்ப் பன்றிக்கறி, தொட்டுக்கொள்ளக் கறுப்பு ரொட்டி. அந்த ரொட்டியை அடுக்கி வீடு கட்டலாம். நான் சாத்தூர்க் காராச்சேவைச் சூப்பில் போட்டுக் கலக்கிச் சாப்பிட்டேன். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்று வளர்ந்த நாக்கு, அதையும் மன்னித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் முழுக்க மிஷினோடு போனது. அது இருந்த கொட்டகையில் சத்தம் இல்லை, தூசி இல்லை. காகிதக் குப்பைகூட இல்லை. பீட்டரின் தாத்தா காலத்தில் முப்பது பேர் வேலை பார்த்த இடமாம். ஓட்டிக் காட்டினார். மிஷின் நன்றாகத்தான் பேசியது. மூன்றாவது யூனிட்டில் மட்டும் லேசாய் ஒரு இருமல். அண்ணாச்சிக்குப் போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். "பேரிங்கு. மாத்திக்கிடலாம்" என்று பதில் வந்தது. வந்த வேலை அத்தோடு முடிந்தது. மிச்சம் இருந்த இரண்டு நாள் பேச்சிக்கு.

பீட்டரிடம் பழைய கிராமத்துச் சர்ச் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இரண்டு மலை தாண்டி ஒன்று இருக்கிறது, பஸ் போகும் என்று ஊர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் விடிந்தது. பஸ்ஸில் என்னையும் சேர்த்து நான்கு பேர். எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி வேனில் காலை ஏழு மணிக்கே முப்பது பெண்கள் ஏறி, எடம் பிடிக்க ஒருத்தி தூக்குச் சட்டியை ஜன்னல் வழியாக வீசிக்கொண்டிருப்பாள். இங்கே எல்லோரும் ஆளுக்கொரு சீட்டில் தனித்தனியாய் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கித் தொலைத்தேன். இரண்டு ஊருக்கும் பெயர் முக்கால்வாசி ஒன்றுதான். மீதித் தூரம் நடை. பனிக்குள் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் போனது. பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட, கால் மட்டும் வெளியே வந்தது இரண்டு தடவை.

மேட்டில் ஏறியதும் சர்ச் தெரிந்தது. கல் சுவர், ஊசிக் கோபுரம், சுற்றிக் கல்லறைகள். என் காலண்டரில் இருப்பதைவிடச் சின்னது. எடுத்த முதல் படத்தில் பனி சாம்பலாய் விழுந்தது. அத்தனை வெள்ளையைக் காமிரா நம்புவதில்லை, இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்து மறுபடி எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், நிழல் விழுகிற இடத்தில் பனி நீலமாய் இருந்தது. இருபது வருஷமாகத் தப்பான வெள்ளையைப் பூசி ஊரெல்லாம் தொங்கவிட்டிருக்கிறேன். எட்டாவது படத்தில் பாட்டரி செத்தது. கழற்றி அக்குளில் வைத்துச் சூடேற்றிச் சூடேற்றி எடுத்தேன். ஆனால் வாசலை எடுக்க முடியவில்லை. ராத்திரி அடித்த காற்று பனியை வாரிக் கொண்டுவந்து படிக்கட்டு மேல் குவித்திருந்தது. கதவின் மேல் பாதிதான் தெரிந்தது.

கல்லறைகளுக்கு நடுவே ஒரு வயசான அம்மா, ஒரு கல் மேல் கிடந்த பனியை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். பெயர் ஹன்னா. சர்ச் சாவி அவரிடம்தான் இருந்தது. அவருக்கு ஜெர்மன், எனக்குத் தமிழ். நடுவில் என் போன் மொழிபெயர்த்தது. துடைத்துக்கொண்டிருந்தது புருஷனுடைய கல்லறை. "தினமும் இவரை நான் தோண்டி எடுக்கிறேன்" என்றது போன், உணர்ச்சியே இல்லாத குரலில். அவர் அப்படித்தான் சொன்னாரா, போன் அப்படிச் சொன்னதா, தெரியாது.

எதற்காக வந்தேன் என்று காட்ட, போனில் இருந்த காலண்டர் படத்தை நீட்டினேன். ஹன்னா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வாசல் பக்கம் கொண்டுபோனார். ஏதோ கேட்டார்.

"இந்த மனிதர்கள் காலணிகளை விட்டுவிட்டு எங்கே சென்றனர்?" என்றது போன்.

வாங்கிப் பார்த்தேன். வாசல்படியில், வெள்ளை வெளேரென்ற பனிக்கு நடுவில், ஐந்து சோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

படம் எடுத்த நாள் ஞாபகம் வந்தது. எம். புதுப்பட்டி ரோட்டில் இருக்கிற சின்ன வேதக்கோயில். உள்ளே பெண்கள் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். பனைமரத்தை அழித்தவன், பம்பை அழித்தவன், அந்தச் செருப்பை அழிக்கவில்லை. கோயில் வாசல் என்றால் செருப்பு கிடக்கும் என்று இந்தக் கண்ணுக்குப் பழக்கம். அண்ணாச்சி பார்த்தார், ப்ரூஃப் பார்க்கிறவர் பார்த்தார், ஆர்டர் கொடுத்தவர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

"உள்ளே போயிருக்கிறார்கள்" என்றேன்.

"பனியில் வெறும் கால்களுடனா?" ஹன்னா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் செய்த தப்பிலேயே அழகான தப்பு இதுதான், ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஹன்னாவுக்குக் காராச்சேவு கொடுத்தேன். ஒரு வாய் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு பிடி வாங்கிக்கொண்டார்.

எடுத்ததில் நல்லதாய் ஒன்றைப் பேச்சியின் புருஷனுக்கு அனுப்பிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். அவர் பெயர் கருப்பசாமி, லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. பேச்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டார். "மச்சான், ஒங்க தங்கச்சி பேசணும்ங்கா" என்று போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் வீங்கியிருந்தது. காய்ச்சல் விடவில்லை என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"சாப்ட்டீகளாண்ணே?"

"ஆச்சு தாயி. படம் வந்துச்சா?"

"வந்துச்சு. வாசல் தெரியலையேண்ணே."

பனி மூடியிருக்கிறது என்றேன். அப்புறம், மனசு கேட்காமல், அந்தக் காலண்டர் கோயில் இது இல்லை, அது நம்ம ரோட்டுக் கோயில், பனி போட்டது நான் என்று சொல்லிவிட்டேன். செருப்புக் கதையையும் சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "தெரியும்ணே. அந்த ஊர்ல ரப்பர் செருப்பு எவன் போடுவான்? ஒங்களுக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள். மூச்சு வாங்கிவிட்டு, "அஞ்சு சோடி கெடக்குல்ல, எண்ணுனீகளா?" என்றாள்.

"எண்ணுனேன்."

"எங்க ரூம்புல செருப்பு போட்டுப் போக விட மாட்டாகண்ணே. தரையில ஒரசுனா பத்திக்கிடும்னு வெளியதான் கழட்டிப் போடணும். வெடிச்சிருச்சுன்னா ஓடி வாரவுக மொதல்ல செருப்பத்தான் எண்ணுவாக. உள்ள எம்புட்டுப் பேருன்னு அத வச்சித்தான் தெரியும். அன்னைக்கி ஆறு சோடி. ஆறாவது என்னுது."

நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். வெடிச்சத்தம் கேட்டால் எந்தத் திசை என்று சொல்லிவிடுவேன். செருப்பை எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

"அந்தப் படத்துல அஞ்சு பேரும் உள்ளதான் இருக்காகன்னு நெனச்சிக்கிடுவேன். குளுகுளுன்னு இருக்கும்ல உள்ள? அவுகளுக்கு எரிச்சல் இருக்காது. என்னுதுக்கும் நெசப் பனி வாசல்ல எடம் இருக்கான்னு பாக்கத்தான் ஒங்கள அனுப்புனேன். நாளைக்கிப் போனீகன்னா அங்கன ஒரு சோடியக் கழட்டி வச்சு ஒரு போட்டோ எடுங்கண்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்."

கருப்பசாமி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முகம் தெரியவில்லை, மேலே சுற்றுகிற மின்விசிறிதான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. அன்றைக்குப் பஸ் கிடையாது என்பதை ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்றபிறகு, நாயோடு போன ஒருவர் சொன்னார். நடந்தேன். இரண்டு மலை. வழியில் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு, மேட்டடியில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் ஒரே கேள்விதான். செருப்பைக் கழற்றி வைத்துப் படம் எடுத்தால், அது போய்வா என்று சொல்வதுதானே? அண்ணன் செய்கிற வேலையா அது?

ஆராதனை முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். வாசல் சுத்தமாய் இருந்தது. ஹன்னா காலையில் ஒற்றை ஆளாக மண்வெட்டியால் அத்தனை பனியையும் வெட்டி இரண்டு பக்கமும் ஒதுக்கியிருந்தார். முந்தின நாள் நான் வாசல் பக்கமே சுற்றியதைப் பார்த்து, மறுபடி வருவேன் என்று நினைத்திருந்தார். "நீங்கள் வாசலைத் தேடினீர்கள்" என்றது போன். அந்த வயசில் எங்கள் வீட்டில் யாரும் மண்வெட்டியைத் தொட விட மாட்டார்கள். ரொம்ப நன்றி என்று இரண்டு கையையும் கூப்பினேன்.

படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். நேராய் வைத்தேன். பிறகு, நேராய் வைத்தால் கடையில் வைத்த மாதிரி இருக்கிறது என்று, எங்கள் ஊரில் கிடப்பதுபோல ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஈரக் காலுறையோடு பனியில் பின்னால் நடந்து வந்து மூன்று படம் எடுத்தேன். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

குளுகுளுவென்றுதான் இருந்தது. மரப் பெஞ்சுகள், மெழுகுவர்த்தி அணைந்த வாசனை, ஆளில்லை. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். அந்த ஐந்து பேரில் எனக்குப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான். மற்ற நால்வரும் பதினான்கு வருஷம் என் தங்கச்சியோடு ஒரே வேனில் போனவர்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்து நான் அழுதேன். ஹன்னா ஒரு கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியே வந்து காமிராவில் பார்த்தேன். படம் நன்றாக வந்திருந்தது. நன்றாக என்றால், பயமாய் இருந்தது. வாசலில் ஒரு சோடி. போட்டவர் உள்ளே போய்விட்டார், வர மாட்டார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அனுப்பக் கை வரவில்லை. இதைப் பார்த்தாளென்றால் பிடித்துக்கொண்டிருக்கிற பிடியை விட்டுவிடுவாள். நான் அனுப்பாமல் இருந்தால் இன்னும் ஒரு வாரம், ஒரு மாதம், யார் கண்டது, எழுந்துகூட உட்காருவாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கருப்பசாமிக்குப் போன் போட்டேன், பேச்சியிடம் கொடுத்தார். "வாசல் முழுக்கப் பனி மூடிக் கெடக்கு தாயி. கதவே தெரியல. எடமே இல்ல" என்றேன். ஹன்னா வெட்டி ஒதுக்கிய படியில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

"சரிண்ணே" என்றாள். "குளுரு பாத்து இருங்க. காதக் கட்டிக்கிடுங்க."

நான் விமானத்தில் இருந்தபோது அவள் போய்விட்டாள். இடையில் இறங்கிப் போனைப் போட்டதும் கருப்பசாமியின் அழைப்புகள் வரிசையாய்க் கிடந்தன. மதுரையில் இறங்கி நேரே போனேன். எல்லாம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கருப்பசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி ரெண்டு நாளும் போன எடுத்து எடுத்துப் பாக்கச் சொன்னா மச்சான். போட்டோ வந்துச்சா, போட்டோ வந்துச்சான்னு. நான் இல்ல இல்லன்னுக்கிட்டே இருந்தேன். பொறவு கேக்கல."

என் பையில் காமிரா இருந்தது. அதற்குள் அந்தப் படம் இருந்தது. அவள் பிடியை நான் காப்பாற்றவில்லை. அவள் கேட்ட ஒன்றையும் கொடுக்காமல் அனுப்பினேன். இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் அதற்குச் சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். ஆனியில் அண்ணாச்சி வந்து, "டிசம்பருக்குப் பனி போட்டுட்டியா?" என்றார். இந்தத் தடவை நிஜப் பனியே இருக்கிறது அண்ணாச்சி என்றேன். அன்று சாயங்காலம் கருப்பசாமியிடம் போனேன். கம்பெனியிலிருந்து வந்த பேச்சியின் செருப்பைப் பரணில் பையோடு வைத்திருந்தார். நீல வார். வலது கால் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று நான் இரண்டு தடவை சொன்ன செருப்பு. எதற்கென்று சொன்னதும் கருப்பசாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மற்ற ஐந்து வீட்டுக்கும் போய், பேச்சி கேட்டதைச் சொல்லி, ஐந்து சோடி வாங்கி வந்தார். இரண்டு வீட்டில் எரித்துவிட்டார்களாம். அவர்கள் வேறு பழைய சோடி கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிச் சீட்டுக் கட்டியிருந்தார். எனக்குத் தெரியாத நாலு பெயரும் அப்போதுதான் தெரிந்தது.

எம். புதுப்பட்டி ரோட்டு வேதக்கோயில் படியில், வெயில் தாழ்ந்த நேரம் பார்த்து, ஆறு சோடியையும் போட்டு எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஹன்னாவின் வாசலைத் திறந்து, என் பூட்ஸை எடுத்துவிட்டு, அந்த ஆறையும் வைத்தேன். நிழலுக்கு நீலம் கொடுத்தேன். ஊக்கு தெரிகிற மாதிரி பேச்சியுடையதை முன்னால் வைத்தேன்.

அண்ணாச்சி ப்ரூஃபைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். "ஏலே, பனிக்குள்ள செருப்பு கெடக்கு?"

"போன வருசமும் கெடந்துச்சு அண்ணாச்சி."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த அந்த மிஷினில்தான் ஓடியது. இருமல் நின்றிருந்தது.

போன டிசம்பரில், ஒரு காலையில், எம். புதுப்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். கடைச்சுவரில் எங்கள் காலண்டர் தொங்கியது. கம்பெனி வேனுக்காகத் தூக்குச் சட்டியோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி காலண்டருக்குக் கிட்டே போனாள். விரலை நீட்டாமல் கண்ணாலேயே எண்ணினாள், உதடு மட்டும் அசைந்தது.

"எக்கா, ஆறு."

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். வேன் வந்து நின்றுவிட்டது. மற்றவர்கள் எடம் பிடிக்க ஓடினார்கள். அந்த அக்கா மட்டும் நகராமல் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"ஊக்கு குத்துன சோடியப் பாத்தியாடி? பேச்சிக்கு எடம் கெடச்சிருச்சு."